பொடி வைத்து ஊதியது

எழுகடல் தெருவில்
கடல் தாண்டி வந்த காசுக்கு விலை சொல்கிறேன்.
எட்டுக்கு ஆறு கடை, ஒரு தராசு, ஒரு லென்ஸ்.
கரண்ட் போனால் செல்போன் வெளிச்சம்.

ஹெப்சிபா கொண்டுவந்தது ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
பன்னிரண்டு காசு, எல்லாம் ஜெர்மன் ஐந்து மார்க்.
அம்மா ஹாம்பர்க்கில் நர்ஸாக இருந்தது
ஏழு குளிர்காலம் என்றாள்.
வருஷத்தைக் குளிரில் எண்ணுவது எனக்குப் புதுசு.
இங்கே சித்திரையில் எண்ணுவோம்.

கழுவினீங்களா?
'அழுக்கா இருந்துச்சே, புளி போட்டுத் தேய்ச்சேன்.'
என் வயிற்றிலும் அதே புளி கரைந்தது.
கால்வாசி விலை கழுவிய தண்ணீரோடு போயிருக்கும்.
சொல்லவில்லை.

புழங்கிய காசில் முதலில் தேய்வது
கழுகின் நெஞ்சு.
நான்கு வரிசை இறகு தெரிந்தால் ஒரு விலை,
இரண்டு தெரிந்தால் ஒரு விலை,
கசாப்புக் கடைக் கோழி மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டால்
வெறும் வெள்ளி விலை.
பதினொன்று புள்ளி இரண்டு கிராமில் வெள்ளி ஏழு, மீதி செம்பு,
அதிலும் ரொட்டிக் கடையும் டிராம் வண்டியும்
யார் யாருடைய கோட்டுப் பைச் சாவிக்கொத்தோ
தின்றது போக.

பதினொன்று கோழி.

பன்னிரண்டாவதில் வருஷம் ஐம்பத்தெட்டு.
ஹாம்பர்க் அக்கசாலையின் ஒற்றை எழுத்து, ஜே.
இருக்கவே இருக்காது என்று லென்ஸைத் துடைத்தேன்.
அந்த வருஷம் அந்த ஊரில் அடித்ததே அறுபதாயிரம்தான்.
வேறு எழுத்தைச் சுரண்டி ஜே ஆக்கியவன்
எங்கள் தொழிலில் ஏராளம்.
இதில் சுரண்டல் இல்லை.
எழுத்தின் கால், தரையில் முளைத்த மாதிரி நிற்கிறது.

மூச்சு விட்டுத் திருப்பினால்
உச்சியில் ஒரு காது.
சங்கிலி கோக்க வெள்ளி வளையம்,
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து.

விளிம்பில் அந்த ஊர்க்காரர்கள் பொறித்தது மூன்று வார்த்தை:
ஒற்றுமை, நீதி, விடுதலை.
பொடி உருகி ஓடி
நடுவார்த்தையை மூடிவிட்டது.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றொன்றில், தெற்காவணி மூல வீதி மாடியில்
சிங்காரம் பத்தர் பட்டறையில்
இடக்கைக்காரன் நான் ஒருவன்தான்.
வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதினேன்.
வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா
ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
'மெதுவா தம்பி, பறந்துடப் போகுது.'
கூலி பன்னிரண்டு ரூபாய்.

'என்ன அண்ணே, அதையே பாக்குறீங்க?'

யாரோ பொடி வைத்திருக்கிறான் என்றேன்,
நானும் பொடி வைத்து.
வளையம் மட்டும் இல்லாவிட்டால் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்.
'இப்ப?'
இப்போது ஸ்கூட்டரின் கண்ணாடி. ஒரு பக்கத்துக் கண்ணாடி.

சிரித்தாள்.
'அம்மா சைக்கிளே ஓட்டுனதில்ல.
பதினொண்ணுக்கும் சீட்டுப் போடுங்க. இது விக்கிறதுக்கில்ல.
வளையம் ஆடுது, யாருகிட்ட குடுத்தா
கெட்டியா வச்சுத் தருவாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.'

'வளையம் வைத்த காசு வாங்கப்படாது'
என் தலைக்குப் பின்னால், என் கையெழுத்தில்.

ஊதுகுழல் கேட்லாகுகளுக்குப் பின்னால் கிடந்தது.
உள்ளே சிலந்தி. தட்டி இறக்கினேன்.
நேராக வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.
அதே சாய்வில் வைத்து ஊதினேன்.
ஸ்டூலில் அவளும்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'கூலி எவ்வளவு?'
பன்னிரண்டு ரூபாய் என்று வாய் முந்திக்கொண்டது.
பையைத் துழாவினாள், பாட்டிலை ஆட்டினாள்.

'சில்லறை இல்லையே அண்ணே.'